ஒரு நிமிஷம்க்கா

"பொட்டு வைக்க மறந்துட்டியேம்மா. வச்சிட்டுக் குடு, நான் இங்க நிக்கறேன்." இவ்வளவுதான் சொன்னாள் எதிர்வீட்டுக் கோமளா அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தப்பித்திருப்பேன். அடுப்புல பால வச்சிட்டு வந்திருக்க பாரு என்று ஞாபகப்படுத்துகிற குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு மாடிப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நான் செய்யப்போவதைப் பார்த்து என்னைச் சங்கடப்படுத்தக்கூடாது என்பதுபோல. நான் என்ன செய்திருக்கவேண்டும், அதெல்லாம் வேண்டாம்க்கா என்று சிரித்துக்கொண்டே குழந்தையை அவள் கையில் வைத்திருக்கவேண்டும். வைத்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்துபோயிருக்கும். நான் குழந்தையோடு உள்ளே போனேன். கால் தானாகப் போயிற்று. அலமாரியின் மேல்தட்டிலிருந்து மை டப்பாவை எடுத்தேன், மோதிர விரலால் தொட்டேன், ஆதிரையின் இடது கன்னத்தில் வைத்தேன், சரியாக வட்டமாக வரவில்லை என்று ஓரத்தைத் துடைத்துக்கூட விட்டேன். அந்த ஓரத்தைத் துடைத்தேனே, அதுதான். பதற்றத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. பதற்றத்தில் இருப்பவள் ஓரம் துடைப்பாளா. திரும்ப வந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, போய்த் தூங்கு, கண்ணைப் பாரு உள்ள போயிருக்கு, இவ அழுதா நான் பாத்துக்கறேன், அலாரம் வைக்காத என்றாள். எதிர்வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் வந்து படுத்துவிட்டேன். தூங்கத்தான் படுத்தேன்.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடத்தில் டக் என்கிறது. எந்த இடம் என்று பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் வரும் என்று முகுந்தன் சொல்வார், அவருக்கு வரும், அவருக்கு ஒரகடத்துக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டேகூட வரும். காலையில் போனால் இருட்டின பிறகுதான் வீடு. அம்மா மூன்று மாதம் இருக்கிறேன் என்று திருச்சியிலிருந்து வந்தவள், அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதும், பத்தியச் சாமான்களைக்கூட டப்பாவில் போட்டு முடிக்காமல் ஓடினாள். அன்றிலிருந்து இந்த வில்லிவாக்கத்து இரண்டாவது மாடியில் நானும் ஆதிரையும்தான், எதிரே கோமளா அக்காவும் அவள் தையல் மிஷினும். மாடிக்கு இரண்டே வீடு, கதவுக்குக் கதவு. மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், புடவைகளுக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறாள், கடைக்காரர்கள் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். நீளமாக ஓடி நிற்கும், நீளமாக ஓடி நிற்கும். இப்போது சத்தமில்லை. ஆதிரை அங்கே இருக்கிறபோது மிஷினைத் தொடமாட்டாள், அதிர்வில் குழந்தை திடுக்கிடும் என்று. அப்படியானால் என் தூக்கத்துக்கு அவள் வேலை நிற்கிறது. சத்தமில்லாமல் என்ன செய்துகொண்டிருப்பாள். அழுதுகொண்டிருப்பாளா. அழுகிறவள் கையில் குழந்தை இருக்கலாமா. பார், இப்படித்தான் போகிறது என் புத்தி, அவளை அழவைத்துவிட்டு அவள் கண்ணீர் என் குழந்தைக்கு ஆகாது என்று கணக்குப் போடுகிறது.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். தூங்குகிற குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன், காற்று வருகிறதா என்று. வரும். விரலை எடுத்ததும் அது நிஜமாகவே காற்றா, மின்விசிறியா என்று சந்தேகம் வரும், மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி வைப்பேன், வேர்த்து எழுந்து அழும், அழுதால் நிம்மதி. இதற்கு முன்னால் ஒன்று தங்கவில்லை. ஸ்கேன் அறையில் அந்த டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள், நான் அப்போதே புரிந்துகொண்டேன், அதுவரை நான் பார்க்கும்படிதான் இருந்தது அந்தத் திரை. யாராவது எதையாவது என் பக்கத்திலிருந்து திருப்பினால் இன்றுவரை கை சில்லிட்டுவிடுகிறது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாளே இன்றைக்கு, அப்போதும் சில்லிட்டது. மார்பு கனக்கிறது. பால் சுரந்து நைட்டியின் முன்பக்கம் ஈரமாகிவிட்டது, இரண்டு ரூபாய்க் காசு அகலத்துக்கு முதலில், பிறகு உள்ளங்கை அகலத்துக்கு. பசித்திருக்கிறாளோ. பசித்தால் அழுவாள், அழுதால் கேட்கும், இரண்டு கதவுதான் நடுவில். தொழிற்சாலைச் சங்கு ஊதுகிறது. கீழே அயர்ன் வண்டிக்காரர் மனைவி யாரையோ, இந்தா, நேத்து குடுத்தத இன்னிக்கு கேளு, இன்னிக்கு குடுத்தத நேத்தே கேக்காத என்று விரட்டுகிறாள், சிரிப்புச் சத்தம். ஊர் தன்பாட்டுக்கு நடக்கிறது. எழுந்து போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். என்னவென்று சொல்லி வாங்குவது. இப்பதானே குடுத்த என்பாள். அதைச் சொல்லக்கூடமாட்டாள், கொடுத்துவிடுவாள். அதுதான் கஷ்டம், அவள் எதைச் சொன்னாலும் கொடுத்துவிடுவாள்.

அந்த மை அவள் கொடுத்தது. அதை நினைக்காமல் சுற்றிச் சுற்றிப் போகிறேன், கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. குழந்தையோடு நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் வந்தாள், கையில் சின்ன எவர்சில்வர் டப்பா. விளக்கெண்ணெய் விளக்கேற்றித் தட்டில் கரிபிடித்து அவளே செய்தது, கடை மை வேண்டாம், அதுல என்னென்னவோ போடறான் என்றாள். கண்ணுக்கு வைக்காட்டி போகுது, கன்னத்துல ஒண்ணு வையி, வர்றவங்க போறவங்க பாப்பாங்க இல்ல என்றாள். நான் சிரித்தேன். எந்த மாதிரிச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும், கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் பழகின சிரிப்பு, பல் தெரியாமல், தலையைக் கொஞ்சம் சாய்த்து. "நான் இதையெல்லாம் நம்பறதில்லக்கா." இதைச் சொல்லாமல் வாங்கி வைத்திருக்கலாம். எல்லா வீட்டிலும் வைக்கிறார்கள், குளிப்பாட்டிவிட்டுப் பவுடர் போட்டுக் கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று, யாரும் அதற்கு அர்த்தம் தேடுவதில்லை. நானும் அப்படித் தினமும் வைத்திருந்தால் இன்றைக்கு இந்தக் கதை இல்லை. நான் படித்தவள் இல்லையா. எட்டாம் வகுப்பில் மூடநம்பிக்கை என்று இங்கிலீஷில் பேசிக் கோப்பை வாங்கினவள் இல்லையா, சிஸ்டர் பிலோமினா மேடைக்கு வந்து தோளைத் தட்டி, கறுப்புப் பூனையைப் பார்த்து இந்தப் பெண் குட் மார்னிங் சொல்லிவிட்டுப் போவாள் என்றார், எல்லோரும் சிரித்தார்கள். அக்கா வருத்தப்படவில்லை. சரிம்மா, உள்ள இருக்கட்டும், மை ஒண்ணும் சாப்பாடு கேக்காது என்று சொல்லி அலமாரியின் மேல்தட்டில் அவளே வைத்துவிட்டுப் போனாள். ஆக, இந்த வீட்டுக் குழந்தைக்குப் பொட்டு கிடையாது, அம்மாக்காரி நம்பாதவள், இதை என் வாயாலேயே சொல்லி அவளைச் சாட்சியாக்கிவைத்துக்கொண்டேன்.

பிறகு கதவு பூட்டிக்கொண்ட நாள். குப்பை வாளியை வெளியே வைக்கப் போனேன், காற்றுக்கு டமால் என்று சாத்திக்கொண்டது, இழுத்தால் பூட்டிக்கொள்கிற பூட்டு, சாவி உள்ளே, ஆதிரை உள்ளே, தரையில் விரித்த பாயில். நான் கதவை அறைந்தேன். அறைகிற சத்தத்துக்கு அவள் இன்னும் வீறிட்டாள். கோமளா அக்கா மிஷினிலிருந்து எழுந்து ஓடிவந்தவள் முதலில் என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தாள், நீ தட்டாத, அவ பயப்படறா என்றாள். தன் கணவரைப் பூட்டுக்காரனிடம் விரட்டினாள். பால்கனி வழியாகப் போகமுடியாது, கம்பி. நடையில் எங்கள் சமையலறை ஜன்னல் ஒன்று உயரத்தில் இருக்கிறது. தையல் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு ஏறி, கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே பேச ஆரம்பித்தாள். அடியே ஆதிரை, என்னடி சத்தம், உங்கம்மா இங்கதான் நிக்கறா, தலையக்கூட வாராம நிக்கறா, பாக்க சகிக்கல. அங்கிருந்து அவளுக்குக் குழந்தை தெரியாது, குழந்தைக்கும் அவள் தெரியமாட்டாள். குரல் மட்டும்தான் போயிற்று. பாடினாள், கடைக்காரனைத் திட்டினாள், புடவைக் கலர்களைச் சொன்னாள், மாம்பழக் கலர், வாடாமல்லி, மயில் கழுத்து, கிளிப்பச்சை. அழுகை விசும்பலாகி, விசும்பல் ங்காவாகி, பூட்டுக்காரன் வந்து கதவைத் திறந்தபோது ஆதிரை ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். கம்பி பதிந்து அக்காவின் கன்னத்தில் இரண்டு கோடு. நான் அவள் காலில் விழுந்திருப்பேன், அவள் குழந்தையைத் தூக்கி என் கையில் திணித்துவிட்டு, மொதல்ல பால் குடு, அப்புறம் அழு என்றாள்.

அன்று சாயங்காலம் சாத்தூரிலிருந்து அத்தை, முகுந்தனின் அம்மா, போனில் கூப்பிட்டார்கள். நான் நடந்ததைச் சொன்னேன், எதிர்வீட்டு அக்கா இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்றேன். அவளுக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அத்தை கெட்டவர்கள் இல்லை, என் முதல் கர்ப்பம் போனபோது என்னை ஒரு சொல் சொல்லவில்லை. "நல்லவளாத்தான் இருப்பா. ஏக்கம்னு ஒண்ணு இருக்குல்லா தாயி, அது அவளைக் கேட்டுக்கிட்டா வரும். அவ வாரப்ப மட்டும் கன்னத்துல ஒண்ணு வச்சிரு. ஒரு செலவா, ஒண்ணா." நான் நம்பறதில்லத்தை என்று அவர்களிடம் சொன்னேனா. சொல்லவில்லை. சரித்தை என்றேன். என்னை விட்டால் நான் செய்திருக்கமாட்டேன், ஆனால் மறுநாள் அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டு, என்னமா வெயிட் போட்டிருக்கா, கை வலிக்குது என்று சிரித்தாள், அன்றைக்குப் பார்த்து ராத்திரி ஆதிரைக்கு வயிற்றால் போயிற்று. நான்கு மாதக் குழந்தைக்கு வயிற்றால் போகும், டாக்டர் சொன்னார், எல்லாக் குழந்தைக்கும் போகும். போகும்தான். அடுத்த நாள் பெல் அடித்தபோது, ஒரு நிமிஷம்க்கா என்று குரல் கொடுத்துவிட்டு, கண்புருவத்துக்குத் தீட்டுகிற பென்சிலைத் தேடினேன். அது ஒட்டவில்லை. எக்கி நின்று மேல்தட்டிலிருந்து அந்த டப்பாவை எடுத்தேன். அவள் செய்த மையை, அவளிடமிருந்து காப்பாற்ற. அவள் போனதும் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவேன், முகுந்தன் பார்த்தால் என்ன இது புதுசாக என்று கேட்பார், நான் என்ன பதில் சொல்ல. ஆக மற்ற நேரமெல்லாம் குழந்தை வெறும் கன்னத்தோடு இருக்கும். கீழே காய்கறிக்காரம்மா பார்க்கும்போது வெறும் கன்னம், மேல்மாடி ஸ்டீபன் சார் கொஞ்சும்போது வெறும் கன்னம், அக்கா வந்தால் மட்டும் ஈரம் காயாத பொட்டு.

எப்போது கண்டுபிடித்தாள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். முதல் நாளேவா. மை ஈரமாக இருந்து அவள் நைட்டித் தோளில் ஒட்டியது, அவள் அதைத் துணி மடிக்கிற விரலால் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நாள் கழித்து பெல் அடிக்கிற விதம் மாறிற்று, அடித்துவிட்டு, மெதுவா வாம்மா, அவசரமில்ல என்று சொல்ல ஆரம்பித்தாள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அதற்கப்புறம் பெல்லை அடித்துவிட்டுத் தன் வீட்டு வாசலுக்கே திரும்பிப் போய் நின்றுகொள்வாள், நான் கதவைத் திறந்த பிறகுதான் வருவாள். எனக்கு நேரம் கொடுத்திருக்கிறாள். டப்பாவை எடுக்க, வைக்க, கை துடைக்க எவ்வளவு ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, எனக்கு மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வந்தபோது வெந்நீர்த் துணி பிழிந்து ஒத்தடம் கொடுத்தாள், நான் வலியில் அவள் மணிக்கட்டைக் கடித்தேன், கடி கடி, வளையலக் கடிக்காத, பல்லு போயிடும் என்றாள். இன்றைக்கு, ராத்திரி முழுக்கத் தூங்காத தலையோடு பெல் அடித்ததும் யோசிக்காமல் திறந்துவிட்டேன், தோளில் ஆதிரை, வெறும் கன்னம். ஒரு கணம் அவள் கையை நீட்டினாள். நீட்டின கையை நிறுத்தினாள். பிறகு சொன்னாள்.

எனக்குத் தெரியாத ருசியா இது. போன வருஷம்தான், குழந்தை போய் இரண்டு மாதத்தில், ஸ்ரீரங்கத்தில் என் சித்தி மகள் கயல்விழிக்கு வளைகாப்பு. நானும் வரிசையில் நின்றேன், பட்டுப்புடவை, தலை நிறைய பூ, கையில் கண்ணாடி வளையலை எடுத்துவிட்டேன், பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. சித்தி என் முழங்கையைத் தொட்டார்கள். மெதுவாகத்தான், யாருக்கும் தெரியாமல்தான். "நீ அப்புறமாப் போடலாம்டா. உள்ள பாயசம் எறக்கணும், கொஞ்சம் பாரேன்." நான் வளையலைத் தட்டில் திருப்பி வைத்தேன், சத்தம் வராமல் வைக்கவேண்டும் என்று அவ்வளவு கவனம். சமையலறையில் பாயசத்தை இறக்க ஆள் இருந்தது, நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கயல்விழி என்னைத் தேடவில்லை, அதுதான் உறைத்தது, அவளுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அன்றைக்கு ரயிலில் வரும்போது முகுந்தனிடம் சொன்னேன், நான் செத்தாலும் இன்னொரு பெண்ணுக்கு இதைச் செய்யமாட்டேன் என்று. அவர் ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார், கேட்டிருக்கமாட்டார். கேட்காதது எவ்வளவு நல்லது. எனக்காவது பாயசத்தைப் பார் என்று ஒரு சாக்குக் கொடுத்தார்கள். அக்காவுக்கு நான் அதைக்கூடக் கொடுக்கவில்லை, அவளே எனக்குச் சாக்குக் கொடுத்தாள், மறந்துட்டியே என்று.

போய் என்ன சொல்வது. அக்கா, அது டாக்டர் வைக்கச் சொன்னார். எந்த டாக்டர் சொல்வார். அக்கா, எங்கத்தைதான். அத்தையைக் காட்டிக்கொடுத்தால் ஆயிற்றா, விரல் யாருடையது. அக்கா, நான் நிஜமாகவே நம்பறதில்ல. இதுதான் இருப்பதிலேயே மோசம். நம்பிச் செய்திருந்தால் பயந்துவிட்டாள் பாவம் என்றாவது இருக்கும், நம்பாமல் செய்தேன் என்றால் என்ன அர்த்தம். மன்னிச்சிடுங்கக்கா என்றால் எதுக்கும்மா என்று கேட்பாள், எதுக்கு என்று நான் வாய் திறந்து சொல்லவேண்டும், உங்களுக்குப் பிள்ளை இல்லாததுக்கு என்று அந்த வாக்கியம் முடியும். கான்வென்டில் கத்தோலிக்கப் பெண்கள் வெள்ளிக்கிழமை வரிசையாகப் போய் ஒரு மரப்பெட்டிக்கு முன்னால் முழந்தாளிட்டு உள்ளேயிருக்கும் ஃபாதரிடம் செய்த தப்பையெல்லாம் முணுமுணுத்துவிட்டு வருவார்கள், வரும்போது மூஞ்சி கழுவின மாதிரி இருக்கும், நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பொறாமைப்படுவோம். அதில் ஒரு திரை உண்டு, முகம் தெரியாது. எனக்கு எதிர்வீட்டுக் கதவுதான் இருக்கிறது, அதைத் திறந்தால் முகம் இருக்கும். போகாமலே இருந்துவிட்டால். அவளும் நாளைக்கு வராமல் இருந்துவிட்டால். பெல் அடிக்காது. மிஷின் சத்தம் மட்டும் கேட்கும், நீளமாக ஓடி நிற்கும். நானும் குழந்தையும் இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம், மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு. இந்தப் பெரிய ஊரில் என் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர், கொரியர்காரனுக்கு போன் நம்பர் தெரியும். நான் எனக்காகத்தான் பயப்படுகிறேன் என்று இப்போது தெரிகிறது, அவள் மனசு என்ன பாடுபடும் என்பது இரண்டாவதாகத்தான் வருகிறது, அதையும் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் கவனிக்கிறேன். எழுந்துவிட்டேன். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டேன். கால் குளிர்கிறது. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அவள் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. நான் பெல் அடிக்காமல் தள்ளினேன், தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பக்கூடாது என்று. கூடத்தில் புடவை மூட்டைகள், மிஷின்மேல் பாதி அடித்த ஊதாப் புடவை. நடுவில் கொக்கியிலிருந்து தொங்கும் தூளி, பழைய நூல் புடவை. கோமளா அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். தூளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து. தூளியில் கட்டின கயிறு அவள் தோளுக்கு மேலாக முன்னால் வந்து கையில் இருந்தது, அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். ஆதிரை தூங்கவில்லை. தூளியின் பிளவு வழியாக அவள் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு ங்கா என்றாள். "அப்படியா," என்றாள் அக்கா சுவரிடம், "அம்மா தூங்கறாளாம்டி, நீ கத்தாத. அப்புறம் என்ன ஆச்சு, சொல்லு." ங்கா. "அடப்பாவி." நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, தூளி போய் வந்தது, போய் வந்தது. எப்போதும் தோளில் போட்டு முகம் பின்பக்கம் இருக்கிற மாதிரித்தான் தூக்கிப்போவாள், எனக்கு இப்போதுதான் உறைத்தது, இடுப்பில் வைத்தால்கூட வெளிப்பக்கம் திருப்பித்தான் வைப்பாள். கொஞ்சும்போது முத்தம் கொடுத்து நான் பார்த்ததில்லை. குழந்தை எச்சில் வைத்தால் பிடிக்காதோ என்று நான் வேறு நினைத்திருந்தேன்.

அக்கா என்றேன். திடுக்கிடவில்லை, திரும்பவும் இல்லை. "தூங்கலியா நீ." ஏன்க்கா இப்படி உக்காந்திருக்கீங்க என்று கேட்டேன், கேட்கிற உரிமை எங்கிருந்து வந்தது எனக்கு. கயிறு நின்றது. தூளி தானாகவே ஆடி ஆடிக் குறைந்தது.

"எப்பவும் இப்படித்தாம்மா. அவ பேசறது கேக்குதுல்ல, போதும். பாத்தாத்தான் ஆச்சா." சுவரிடமேதான் சொன்னாள். "உன்மேல எனக்கு ஒண்ணும் கிடையாது, தாரிணி. நீ வைக்கறது நல்லதுதான். எங்க நாத்தனா அவ பேரனக் காட்டவே இல்ல, பெரிய பையன் ஆனப்புறம்தான் பாத்தேன். என் கண்ணப் பத்தி எத்தனை பேர் சொல்லிட்டாங்க. இத்தனை பேர் சொல்றாங்களே, ஒருவேளை நிஜமா இருந்துட்டா. எனக்கும் பயமா இருக்காதா."

அழக்கூடாது, அழுதால் அவள் எனக்கு ஆறுதல் சொல்லவேண்டியிருக்கும். தூளியிலிருந்து ஆதிரையை எடுத்தேன். கட்டைவிரலை வாயில் வைத்து நனைத்து அவள் கன்னத்தைத் துடைத்தேன். நல்ல மை, போகவில்லை, இழுத்த பக்கமெல்லாம் பரவிக் கன்னம் முழுக்க ஒரு சாம்பல் நிறம் ஆயிற்று, குழந்தை முகத்தைச் சுளித்தது. அப்படியே கொண்டுபோய் அக்காவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் உட்கார்ந்தேன், என் முழங்கால் அவள் முழங்காலில் இடித்தது. குழந்தையை, முகம் அவளைப் பார்க்கும்படி, அவள் மடியில் வைத்தேன். அவள் கைகள் வாங்கிக்கொண்டன, கழுத்துக்குக் கீழே ஒன்று, இடுப்பில் ஒன்று. கைகள்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பாருங்கக்கா என்றேன். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. இமைக்குள் விழி உருளுவது தெரிந்தது. ஆதிரை அவள் மூக்குத்தியைப் பிடிக்க எட்டினாள், கிடைக்கவில்லை, மறுபடி எட்டினாள்.

"மூக்கு யார் ஜாடைம்மா?" என்றாள் கண்ணைத் திறக்காமல். "பொறந்தப்ப பாத்தது, உன்னுது மாதிரிதான் இருந்துச்சு. குழந்தைங்களுக்கு மாறிக்கிட்டே இருக்கும்ல. கீழ அயர்ன்காரம்மா கேக்கறா, நீதானே தூக்கிவச்சிருக்க, யாரு ஜாடைன்னு. எனக்குச் சொல்லத் தெரியல."

குழந்தையின் இடுப்பிலிருந்த அவள் வலது கையை விடுவித்தேன், அந்த இடத்தில் என் கையைக் கொடுத்தேன். அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன நுனியை, ஆதிரையின் மூக்கின்மேல் வைத்தேன். பிறகு தானாகவே நகர்ந்தது, மூக்கின் மேலிருந்து நுனிவரை, நுனியிலிருந்து மறுபடி மேலே, துணியின் நெசவைத் தடவிப் பார்க்கிற மாதிரி.

"சின்னதா இருக்கு," என்றாள்.